இரும்புக்கு மூன்று விரல்

மாப்ள,

எனக்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் நேற்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். 'ஃபெரஸ் அஸ்கார்பேட்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்த கையோடு பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அட்டையை என் கையிலிருந்து பிடுங்கி, "ஃபெரஸாம் ஃபெரஸ். அயன் ரெண்டுன்னு போட்டா இவனுகளுக்கு மை தீந்துருமாக்கும்?" என்று சத்தம் போட்டிருப்பாய். நாற்காலியில் மடிக்காத துணி கிடந்தது. தண்ணீரை ஊற்றி மாத்திரையை விழுங்கினேன். தொண்டையில் நெடுநேரம் அந்தத் துருவாடை நின்றது.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. உன்னைப் பற்றி யாரிடமும் நான் அதிகம் பேசுவதில்லை. யாராவது கேட்டால், "நல்ல மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். இன்று உன்னிடமே பேசலாம் என்று தோன்றியது.

உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த அன்று நீதான் முதலில் வந்து பேசினாய். எந்த ஊர் என்று கேட்டாய். கோம்பை என்றேன். "அப்ப மச்சான் முறைதான்" என்றாய். எந்தக் கணக்கில் என்று நான் கேட்கவில்லை. உன் ஆட்களும் என் ஆட்களும் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது நம் பக்கத்தில் புதிதல்ல. அன்று முதல் நான் உனக்கு மச்சான், நீ எனக்கு மாப்ள. அந்த முறைப்படி உன் மனைவி பாத்திமா எனக்குத் தங்கச்சியானாள். பிறகு பிறந்த உன் மகளுக்கு நான் மாமா.

நாம் இருவருமே வேதியியல் வாத்தியார்கள். என் வகுப்புக்கும் உன் வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நீ பாடம் எடுத்தால் அந்தச் சுவர் இருப்பதே தெரியாது. சேர்மங்களுக்குப் பெயர் வைக்கும் பாடம் வந்தால் என் பிள்ளைகளும் உன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "மொத வர்றது உலோகம். அது பேரு மாறாது. சோடியம்னா சோடியம்தான். பின்னாடி வர்றவருக்குத்தான் வால் மாறும். குளோரின் வந்தா குளோரைடு. ஆக்சிஜன் வந்தா ஆக்சைடு. கந்தகம் வந்தா சல்பைடு. எங்க, சொல்லுங்க!" என்பாய். உன் வகுப்போடு என் வகுப்பும் சேர்ந்து சொல்லும்.

நமக்குள் சண்டை வந்ததெல்லாம் இரும்பிலும் செம்பிலும்தான். சோடியத்துக்கு ஒரே ஓர் இணைதிறன். பெயரைச் சொன்னால் வாய்பாட்டை எழுதிவிடலாம். இரும்பு அப்படி இல்லை. ஓரிடத்தில் இரண்டு குளோரினோடு சேரும், இன்னோரிடத்தில் மூன்றோடு சேரும். இரண்டையும் வெறுமனே இரும்பு குளோரைடு என்றால் எது எது என்று தெரியாது. பழைய ஆட்கள் ஒன்றுக்கு ஃபெரஸ் என்றும் மற்றதற்கு ஃபெரிக் என்றும் பெயர் வைத்தார்கள். நான் அந்தப் பெயர்களிலேயே படித்து வளர்ந்தவன், அவற்றின் மேல் எனக்குப் பிரியம். நீயோ எண்ணைப் பெயருக்குள்ளேயே அடைப்பில் போட்டு, இரும்பு(II), இரும்பு(III) என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாய்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாய். "மச்சான், இரும்புல ஃபெரஸ்னா ரெண்டு. செம்புல குப்ரஸ்னா எத்தன?"

"ஒண்ணு."

"ஃபெரிக்னா மூணு. குப்ரிக்னா?"

"ரெண்டு."

"வெள்ளீயத்துல ஸ்டானிக்னா நாலு. வால் ஒரே வால், நம்பர் மட்டும் ஆளுக்கு ஒண்ணு. இத ஒரு பிள்ள எங்கன போயி தேடும்?"

தமிழாசிரியர் கைதட்டினார். நான் விடவில்லை. பழைய பெயர்தான் பாட்டிலில் இருக்கிறது, மருந்தில் இருக்கிறது, நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் இருக்கும் என்று வாதாடினேன். அப்போதுதான் உன் குரல் இறங்கியது. உன் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவளின் மகள். "அந்தப் பிள்ளைக்கு வீட்ல சொல்லிக் குடுக்க ஆளு இல்ல மச்சான். மனப்பாடம் பண்ண நேரமும் இல்ல. விதியக் குடுத்துட்டா அதுவா பேரு வச்சுக்கிரும். யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றாய். இருந்தாலும் மறுநாளும் என் வகுப்பில் ஃபெரிக் என்றே சொன்னேன். நீயும் மறுநாளே சோதனைக் கூடத்துப் பாட்டில்களில் என் பழைய பெயர்களின் மேல் புதுக் காகிதம் ஒட்டினாய். இப்படியே நம் காலம் போனது. ஓய்வு பெற நமக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

அன்றைக்கும் ஆசிரியர் அறைதான். இடைவேளை மணி அடித்து டீ வந்திருந்தது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "இதுல குளோரைடு பத்தல" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய். மறுபடியும், "குளோரைடு... குளோரைடு..." என்று சர்க்கரை டப்பாவைக் காட்டினாய். காட்டிய கை மெல்ல இறங்கியது. உன் வாயின் வலது ஓரம் தொங்கியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். கிளாஸ் விழுந்து உடைந்த சத்தம் கேட்பதற்குள் நான் உன்னைப் பிடித்துவிட்டேன்.

தேனிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் உன் தலை என் மடியில் இருந்தது. சின்னமனூர் தாண்டும்வரை ஏதோ சொல்ல முயன்றுகொண்டே வந்தாய். அதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. உன் கண் மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கவாதம்தான், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் பாதி ஒத்துழைத்தன. பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "நீங்க பேசுறது இவருக்குப் புரியும். வார்த்தையும் உள்ள இருக்கு. எடுத்து வெளிய குடுக்குற வழிதான் அடைஞ்சு போச்சு. தினமும் பழக்குங்க. அவரு தேடும்போது நீங்க முந்தி எடுத்துக் குடுக்காதீங்க."

தங்கச்சி, வீட்டில் உள்ளதையெல்லாம் உன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். செம்பு, தட்டு, சீப்பு, சாவி. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். நீ உதட்டைக் குவிப்பாய், காற்றுதான் வரும். ஒருநாள் சீப்பைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாய். நான் போனபோது அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, என் பேரச் சொல்லச் சொன்னேன். என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாக. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதோட திரும்பிப் படுத்துட்டாக" என்றாள்.

ஆற்றுப்பக்கத்து ஜன்னலோரம் படுத்திருந்தாய். நான் வந்ததும் நீ திரும்பவில்லை. மேசையில் உன் மகளின் பழைய கரும்பலகை ஒன்று கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் அதில் சாக்பீஸால் எழுதினேன். NaCl. உன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

நீ நெடுநேரம் பார்த்தாய். தொண்டை ஏறி இறங்கியது. "சோ" என்றாய். பிறகு, "சோடியம்." அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "குளோரைடு" என்றாய்.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கச்சி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னாக? அண்ணே, என்ன சொன்னாக?" என்று கேட்டாள். "உப்புன்னு சொல்றான் தங்கச்சி" என்றேன். அந்தக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உன் வீடு. கோம்பையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். கரும்பலகையில் நான் எழுத, நீ பெயர் சொல்லுவாய். கால்சியம் ஆக்சைடு. மக்னீசியம் நைட்ரைடு. பொட்டாசியம் சல்பைடு. தண்ணீர் கேட்க வராத வாயில் இந்தப் பெயர்களெல்லாம் வந்தன. ஏன் என்று பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். காலமெல்லாம் ஒரே ஒழுங்கில் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த சொற்களாக இருக்கும், அந்தத் தடத்திலேயே மற்றவற்றையும் கூட்டி வாருங்கள் என்றாள்.

ஒருநாள் FeCl₃ என்று எழுதிக் காட்டினேன். "ஃபெரிக்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருடம் அந்தச் சொல்லோடு சண்டை போட்டிருக்கிறாய்! நீ மாணவனாக இருந்தபோது படித்த பெயர் அடியில் கிடந்திருக்கிறது, மேலே அடுக்கியதெல்லாம் சரிந்ததும் அது வந்துவிட்டது. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உனக்கு முகம் சிவந்தது. இடது கையால் தொடையில் அடித்தாய். தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாய். 'மூன்று' என்ற சொல்லைத் தேடினாய், கிடைக்கவில்லை. கடைசியில் இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினாய்.

"இரும்பு" என்றாய். மூன்று விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். "குளோரைடு."

"சரி மாப்ள. நீ சொன்னதுதான் சரி" என்றேன். அதற்குப் பிறகுதான் கையை இறக்கினாய்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது என்னால் ஜன்னல் பக்கம் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. பேச்சே போன பிறகும் ஒரு மனிதன் தனக்குச் சரியென்று பட்டதை விரலால் பிடித்து வைத்திருக்கிறான். மறுநாள் என் வகுப்பில் இரும்பு(III) குளோரைடு என்று எழுதினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை நான் உன்னிடம் சொன்னபோது நீ கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாய்.

உன் மகள் ரஹ்மத் நிஷாவுக்குக் கல்யாணம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. உனக்காகத் தள்ளிப்போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கம்பத்துக்காரர்கள், தங்கமானவர்கள், எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறோம் என்றார்கள். உன் உடம்பு கொஞ்சம் தேறியதும் நாள் குறித்தார்கள். அன்று உன் அண்ணன் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, நிகாஹ் அன்னைக்கு பிள்ள பேரச் சொல்லி ஒப்படைக்கணும்ல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். ஒனக்குப் பதிலா நானே சொல்லலாம்னு சொல்லிட்டாக. நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நீ அவர் கையைத் தட்டிவிட்டாய். உன் நெஞ்சில் விரலை வைத்துக் குத்திக் காட்டினாய். நான், நான் என்று.

எனக்குக் கலக்கமாக இருந்தது. வீட்டிலுள்ள பெயர்களில் உனக்கு வராத பெயர் உன் மகளுடையதுதான். தங்கச்சியின் பெயர்கூட ஒருவழியாக வந்துவிட்டது. மகளைக் கூப்பிட நினைத்தால் "பாத்திமா" என்பாய். இல்லையென்று தெரிந்து தலையைத் தொங்கப் போடுவாய். கரும்பலகையில் அவள் பெயரை எழுதினேன். இரண்டு சொற்களுக்கும் நடுவில் நன்றாக இடம் விட்டேன். முதலில் வருவது மாறாது, நின்று நிதானமாக அடுத்ததற்குப் போ என்று உன் பாடத்தையே உனக்குச் சொன்னேன்.

"ரஹ்மத்" என்று ஒருநாள் வந்தது. தங்கச்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். நீ மூச்சு வாங்கினாய். நாங்கள் காத்திருந்தோம்.

"ஆக்சைடு" என்றாய்.

ரஹ்மத் நிஷா அப்போது உன் காலடியில் உட்கார்ந்து உன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா அத்தா, நான் ரஹ்மத் ஆக்சைடுதான். ஒங்க பாடத்துல பிறந்த பிள்ளதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், பிறகு உன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நீ இடது கையை அவள் தலையில் வைத்தாய். உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்று வேறு சொல் வரவில்லை.

அதற்கடுத்த காலைகளில் நாம் வேறெதுவும் படிக்கவில்லை. ரஹ்மத் நைட்ரைடு என்று வந்தது. ரஹ்மத் குளோரைடு என்று வந்தது. சில நாள் முதல் பாதியே வராது. வருகிற நாளில் இரண்டாம் பாதி சறுக்கி, பழகிய வாலுக்குப் போய்விடும். எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடிக்கும். பயிற்சிப் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். நிகாஹுக்கு முந்தின நாள்வரை நீ அந்தப் பெயரை ஒருமுறைகூட முழுசாகச் சொல்லவில்லை.

மண்டபத்தில் உன்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஹஜ்ரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தாய். உன் அண்ணன் உன் தோளைத் தொட்டபடி குனிந்து நின்றார், சொல் நின்றால் எடுத்துக் கொடுக்க. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன்.

ஹஜ்ரத் உன்னைப் பார்த்து, "அவசரமில்ல. நீங்க நிதானமாச் சொல்லுங்க" என்றார்.

"என் மக" என்றாய். சபை அடங்கியது. "ரஹ்மத்."

நின்றுவிட்டது. யாரோ இருமினார்கள். உன் அண்ணன் குனிந்து உன் காதருகே வாயைக் கொண்டுபோனார். நீ இடது கையைத் தூக்கி அவரைத் தடுத்தாய். அந்தக் கையை இறக்காமலே கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாய். நான் எதுவும் சொல்லவில்லை. உதட்டைக்கூட அசைக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நீ கண்ணை மூடினாய். "நிஷா" என்றாய்.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்த இடத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. தங்கச்சியா, பிள்ளையா, தெரியவில்லை. மீதி வாக்கியத்தை ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, நீ ஒவ்வொரு சொல்லாகப் பின்னால் போனாய். பாதி குழறியது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பெயரை நீதான் சொன்னாய்.

அதன்பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தாய். டீயில் சர்க்கரை இல்லை என்று சொல்ல வந்தது. என்னை மச்சான் என்று கூப்பிட வந்தது. ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடத்துக்கே வந்து, மாலை போட்ட பிள்ளைகளிடம் "நல்லா இருங்க" என்றாய். எண்கள் மட்டும் கடைசிவரை விரலில்தான் இருந்தன.

இரண்டாவது தடவை வந்தபோது அது உன்னை விடவில்லை. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ரஹ்மத் நிஷா போன் செய்தாள். "மாமா" என்றாள். அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை. அந்தப் பஸ்ஸிலேயே உன் வீட்டுக்கு வந்தேன். மையவாடியில் உன்னை அடக்கம் செய்தபோது உன் அண்ணன் என்னைக் கைபிடித்து முன்னால் கூட்டிப்போய், "நீங்களும் மண்ணு போடுங்க" என்றார். போட்டேன். மழை பெய்து ஓய்ந்திருந்த மண், குளிர்ந்திருந்தது.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் குமுளி போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயசாளி ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கையால் தெற்கே காட்டினார். கண்டக்டர், "கம்பமா? கூடலூரா? சொல்லுங்க பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரை எடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஆசிரியர் அறையில் பார்த்திருக்கிறேன்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் எல்லாரும் பேசாம இருங்க. அவுகளே சொல்லுவாக" என்றேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் நின்றார். பெரியவரின் தொண்டை ஏறி இறங்கியது. "லோ" என்றார். யாரோ பின்னாலிருந்து முடித்து வைக்கப் போனார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"லோயர்" என்றார் அவர். நாங்கள் காத்திருந்தோம்.

"கேம்ப்."

கண்டக்டர் மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். பஸ் கிளம்பியது.

உன் மச்சான்.